இடது பக்கம் எரிந்த ஒயின்

ஒயின் குடித்ததால்தான் என் கணவருக்கு நாக்கில் புற்றுநோய் வந்தது என்று நம்புகிறவர்கள் எங்கள் உறவில் இன்றைக்கும் இருக்கிறார்கள். கல்யாண விருந்துகளில் நான் தட்டோடு போய் உட்கார்ந்தால் பேச்சு சட்டென்று நிற்கும். கையில் பீர் கிளாஸை வைத்துக்கொண்டே அதைப் பேசுகிறவர்களும் உண்டு. அவர்களுடைய நாக்கெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அந்தக் கிளாஸைப் பிடுங்கித் தலையில் கவிழ்த்துவிடலாம் போல இருக்கும். செய்ததில்லை. சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

அறுபது வயது வரைக்கும் அவர் ஒரு சொட்டுத் தொட்டவரில்லை. சிங்கப்பூரில், சாங்கி விமானச் சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தார். ஆஸ்திரேலியாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வரும் ஒயின் பெட்டிகள் அவர் கை வழியாகத்தான் ஊருக்குள் போகும். எப்போதாவது ஒரு பெட்டி விழுந்து உடையும். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சட்டைக் கையை என் மூக்கருகே நீட்டி, "மோந்து பாரேன், எவ்வளவு வாசமா இருக்கு" என்பார். "சீ, அந்தப் பக்கம் போங்க" என்று துணி துவைக்கும் இயந்திரத்தைக் காட்டுவேன். ஆசை இருந்தது அவருக்கு. ஆனால் அக்காவும் இருந்தார்.

அவருடைய அப்பா குடித்தே செத்தவர். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். அக்காதான் கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல், தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்த்துத் தம்பியை ஆளாக்கினார். குடிக்க மாட்டேன் என்று தம்பியிடம் சின்ன வயதிலேயே சத்தியம் வாங்கியிருந்தார். எனக்கு அவர் அண்ணி. கெட்டவர் இல்லை. என் பிரசவத்தின்போது என் அம்மாவைவிட அதிகமாக ஓடியாடியவர். ஆனால் தம்பிக்கு எது வேண்டும் என்று தம்பியைக் கேட்கிற பழக்கம் மட்டும் அவருக்கு என்றைக்குமே கிடையாது.

ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில், பொங்கோலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சமூக மன்றத்துக்குப் போய்விட்டு வந்தார். முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு.

"ஒயின் க்ளாஸ் நடத்துறாங்களாம். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு. சனிக்கிழமை மத்தியானம். ரெண்டு பேருக்கும் பேர் குடுத்துட்டேன்."

"அக்காவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாங்க."

"ஒயின் என்ன சாராயமா? க்ளாஸ் லா. படிக்கத்தானே போறோம்."

அறுபது வயதுக் கிழவனுக்குப் படிப்பைப் பார் என்று சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் பார்க்க வேண்டும் போல்தான் இருந்தது.

பூப்பந்து மைதானத்துக்கு மேல்மாடியில் ஓர் அறை. கீழே பந்து அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சொல்லிக்கொடுத்தவர் ஒரு சீனப் பெண், எங்கள் மகள் வயதுதான் இருக்கும். வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் ஜோடி ஜோடியாக வந்த இளவட்டங்கள். கிளாஸின் தண்டைப் பிடிக்க வேண்டும் என்றார் அந்தப் பெண். இவர் கோப்பிக் கடையில் பிடிப்பதுபோல் முழுக் கையால் பிடித்தார். சுவைத்துப் பார்த்துவிட்டு நடுவில் வைத்திருந்த வாளியில் துப்பிவிடலாம் என்றார் அந்தப் பெண். இவர் என் காதருகே குனிந்து, "எல்லார் எச்சிலும் ஒரே வாளியிலயா? அட கருமமே" என்றார். இவர் எதையும் துப்பவில்லை. நான் டிஷ்யூவில் துப்பிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

என்ன வாசம் வருகிறது என்று கேட்டபோது இளவட்டங்கள் பிளாக்கரண்ட், பிளம், வெனிலா என்று அடுக்கினார்கள். எங்களுக்கு அதெல்லாம் மிட்டாயில் பார்த்த பெயர்கள். இவர் ஊறவைத்த புளி என்றார். அடுத்ததற்கு நாவல்பழம் என்றார். இன்னொன்றுக்கு, சிராங்கூன் ரோட்டுப் பூக்கடையில் மத்தியானம் தண்ணீர் தெளித்த மாலை என்று தமிழில் என்னிடம் சொல்லி, அதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல் விட்டுவிட்டார். நான் முகர்ந்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு வாரம் புளிப்பைப் பற்றிப் பாடம். நியூசிலாந்து வெள்ளை ஒயினை ஊற்றிக்கொடுத்து, விழுங்கிய பிறகு நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறுகிறதா என்று கவனிக்கச் சொன்னார் அந்தப் பெண். நிறைய ஊறினால் புளிப்பு அதிகம் என்று அர்த்தமாம். எல்லாரும் ஊறுகிறது என்றார்கள். இவர் கையைத் தூக்கினார். எனக்கு எரிகிறது, இடது பக்கம், என்றார்.

வகுப்பு சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. ரொம்பப் புளிப்பான ஒயின்தான் இது, உங்கள் நாக்கு கூர்மையான நாக்கு, சீக்கிரம் பிடித்துவிட்டீர்கள் என்று பாராட்டினார். அந்தப் பெண்ணுக்கு மட்டும் எப்படித் தெரியும், பாவம். புளிப்பு சிலருக்கு உறைக்கும்தானே.

பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் பாராட்டு வாங்காத மனுஷர். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் எந்த ஒயினைக் கொடுத்தாலும் கண்ணை மூடி, ஒரு வாய் வைத்து, இது ஆசிட் கூட, இது கம்மி என்று தீர்ப்புச் சொல்வார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்தப் பெண்ணே இவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களிடம் விளக்குவார். எனக்கோ எல்லா ஒயினும் ஒன்றுபோலத்தான் இருந்தது. பொறாமைகூட வந்தது.

"உனக்கு நாக்கு செத்துப்போச்சு" என்று என்னைக் கேலி செய்வார்.

குடித்துப் பழகியவனாக இருந்திருந்தால், ஒயின் ஒரு பக்கம் மட்டும் எரியாது என்று அன்றைக்கே சந்தேகப்பட்டிருப்பான். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் தெரியாதவர்கள். ஒயின் என்றால் இப்படித்தான் எரியுமாக்கும் என்று இருந்துவிட்டோம். எரிந்தால் நல்ல ஒயின், ரொம்ப எரிந்தால் ரொம்ப நல்ல ஒயின். அந்தப் புண் அவர் வாய்க்குள் இருந்துகொண்டு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவருக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது.

பிறகு ரசம் எரிந்தது. மிளகாய்ச் சம்பால் எரிந்தது. ஒருநாள் தயிர்சாதத்துக்கே முகத்தைச் சுளித்தார். வாயைத் திறங்க என்று ஃபோன் வெளிச்சத்தில் பார்த்தேன். நாக்கின் இடது ஓரத்தில் வெள்ளையாக ஒரு திட்டு, அதைச் சுற்றிச் சிவப்பு.

"சூடு" என்றேன்.

"சூடுதான்" என்றார் அவரும்.

வாய்ப்புண் வந்தால் தமிழ் வீட்டில் வேறு என்ன சொல்வோம்? உடம்புச் சூடு. தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் மணத்தக்காளிக் கீரை வாங்கிவந்தேன். தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தேன். ராத்திரி வெந்தயம் ஊறவைத்துக் காலையில் கொடுத்தேன். தலைக்கு நல்லெண்ணெய் வைத்துக் குளிக்கச் சொன்னேன். மீன், கோழி எல்லாவற்றையும் குறைத்தேன். இதையெல்லாம் செய்தவர்கள் ஒயினை மட்டும் விடவில்லை. சிவப்பு ஒயின் சூடு, வெள்ளை ஒயின் குளிர்ச்சி என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் பிரிப்பதுபோல ஒயினையும் பிரித்துவிட்டோம். வெள்ளையில் ஐஸ்கட்டி போட்டு, மருந்து மாதிரி, வாரத்துக்கு ஒரு கிளாஸ். வெள்ளைதான் அதிகம் புளிப்பு. அதுதான் அதிகம் எரிந்தது. அவர் கண்ணில் தண்ணீர் வர, "சூட்டை இழுக்குது" என்றார்.

டாக்டரிடம் போகலாம் என்று நான் சொல்லாமல் இல்லை. "போனா குடிக்கிறீங்களான்னு கேப்பாங்க. அக்கா கூடவே வருவா. அவ முன்னாடி என்னன்னு சொல்றது?" என்று தட்டிக்கழித்தார். அதுவும் உண்மைதான். தம்பிக்குக் காய்ச்சல் என்றாலும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பவர் அண்ணி.

பேச்சு குழறத் தொடங்கியது. இடது காதில் குத்தல். தலையணையில் ரத்தக் கறை. அதற்கப்புறம் நான் யாரையும் கேட்கவில்லை. பாலிகிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். வாயைப் பார்த்த இளம் டாக்டரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அங்கிருந்து பெரிய மருத்துவமனை, சதையை எடுத்துச் சோதனை, ஸ்கேன். கடைசியில் அறுவைசிகிச்சை நிபுணர் ஒரு படம் வரைந்து காட்டினார். நாக்கின் இடது பாதியை எடுத்துவிட வேண்டும். கழுத்திலும் வெட்ட வேண்டும். முழங்கைக்குக் கீழே இருந்து சதை எடுத்து நாக்கில் ஒட்டுவார்கள். அப்புறம் கதிரியக்கம்.

சிகரெட் உண்டா, குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். சொன்னோம். அந்தக் கொஞ்ச ஒயினுக்கு இது வராது, காரணமே இல்லாமலும் சிலருக்கு வருகிறது என்றார். இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அப்புறம் ருசி தெரியுமா டாக்டர்? கொஞ்சம் தெரியலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் அவர்.

அண்ணிக்கு எல்லாம் தெரிந்துபோனது. மருத்துவமனை உணவுக் கடையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, "வயசான காலத்துல குடிக்கப் போனீங்க. முருகன் சும்மா விடுவானா?" என்றார்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "ஊர் பூரா குடிக்கிறவனை எல்லாம் விட்டுட்டு, சனிக்கிழமை க்ளாஸுக்குப் போன மனுஷனையா அண்ணி உங்க முருகன் தேடிப் பிடிச்சாரு? வேற வேலை இல்லையா அவருக்கு?"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சோதனைக்குப் போயிருந்த தம்பிக்கு வாங்கிய கஞ்சியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

அறுவைசிகிச்சைக்காக மறுநாள் காலை மருத்துவமனையில் சேர வேண்டும். சாயங்காலம் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"சிவப்பு ஒண்ணு வாங்கிட்டு வா. சூடாவது மண்ணாவது. முழு நாக்கோட ஒரு தடவை குடிச்சுப் பாத்துடறேன்."

அந்த மாதிரி அவர் எதையும் கேட்டதில்லை. பேரங்காடிக்கு ஓடினேன். அந்தப் பெண் பாடத்தில் சொன்ன, புளிப்புக் குறைவான வகையாகப் பார்த்து எடுத்தேன். அதிகம் எரியாது அல்லவா. வீட்டில் கிளாஸைக் கழுவித் துடைத்து, ஊற்றி, சன்னலோரம் மேசையில் வைத்தேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. அவர் குளித்துவிட்டு நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தண்டைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி மோந்து பார்த்தார். "நாவப்பழம்" என்றார். அப்போது கதவு தட்டப்பட்டது.

அண்ணி. தேக்காவில் இருக்கும் கோயிலிலிருந்து நேராக வந்திருந்தார், நெற்றி நிறைய விபூதி. கையில் மஞ்சள் கயிறு. கிளாஸைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். தம்பி முன்னால் தரையில் உட்கார்ந்து, அவர் வலது மணிக்கட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு கயிற்றைக் கட்டினார்.

"தைப்பூசத்துக்கு நீ பால்குடம் எடுக்கிறே. நான் முருகன்கிட்ட நேந்துகிட்டேன். இந்த நிமிஷத்துலேர்ந்து அது வரைக்கும் கவுச்சி கிடையாது, குடி கிடையாது. நீ வாக்கு தவறாம இருந்தா அவன் உன்னை எனக்குத் திருப்பிக் குடுத்திடுவான். சரியாப்பா?"

"சரிக்கா" என்றார்.

யாரைக் கேட்டு நேர்ந்துகொண்டீர்கள் என்று என் வாய் வரைக்கும் வந்தது. அண்ணி முடிச்சைப் போட முடியாமல் பல்லால் இழுத்து இறுக்கினார்.

அவர் போன பிறகு கிளாஸை இவர் பக்கம் தள்ளினேன். "ஒரே ஒரு வாய். சாமிக்குத் தெரியும், ஒண்ணும் சொல்லாது. குடிங்க."

"அக்கா கட்டிட்டா."

"அவங்க கட்டினா? நாளைக்கு உங்க நாக்கை வெட்டப் போறாங்க. அவங்க நாக்கை இல்ல."

"எனக்காக அவ என்னென்ன விட்டிருக்கா தெரியுமா உனக்கு? ஒரு வாய் ஒயினை நான் விட முடியாதா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கிளாஸைத் திருப்பி என்னிடம் தள்ளினார். "நீ குடி. எப்படி இருக்குன்னு சொல்லு."

குடித்தேன். முதல் தடவையாகத் துப்பாமல் குடித்தேன். நாவல்பழம், கொஞ்சம் துவர்ப்பு, பிறகு தொண்டையில் சூடாக இறங்குகிறது என்று சொன்னேன். புளிப்பு எப்படி என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும் என்றேன். சிரித்தார். அழுகையில் எனக்கு அந்த ஒயினே உப்புக் கரித்தது. கிளாஸ் காலியாகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார், நானும் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அறுவைசிகிச்சைக்கு முன் தாதி ஒருவர் கயிற்றைக் கத்தரிக்கப் பார்த்தாராம். இவர் கையை இழுத்துக்கொண்டிருக்கிறார். அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை விரிவாக எழுத எனக்குத் தெம்பில்லை. மூக்கில் குழாய். முழங்கைக்குக் கீழே தோல் உரித்த இடம். ஒட்டிய சதை ஒழுங்காகப் பிடித்ததா என்று மணிக்கு மணி வந்து பார்த்தார்கள். பேச்சுப் பயிற்சி தொடங்கியது. அவர் சொல்வது முதலில் எனக்கும் புரியவில்லை, பிறகு எனக்கு மட்டும் புரிந்தது. கதிரியக்கம் மிச்சம் இருந்த நாக்கையும் வேக வைத்துவிட்டது. எச்சில் வற்றிப்போனது. கஞ்சி, பால், அரைத்த சோறு எல்லாமே அட்டைப்பெட்டியைக் கரைத்தமாதிரி இருக்கிறது என்றார்.

ஒருநாள் பொங்கோலில் நீர்வழிக்கு அருகே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வெளியே தள்ளினார்.

"அன்னைக்கு... குடிச்சிருக்கணும்."

"பூசம் முடியட்டும், ரெண்டு பேரும் குடிக்கலாம்" என்றேன்.

வாயைச் சுட்டிக்காட்டி, கையை விரித்தார். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நான்தான் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். அண்ணிக்கு என்றே வைத்துக்கொண்டேன். ஒருநாள் இதை எடுத்து அவர் நெஞ்சில் போடுவேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

கழுத்தில் மறுபடியும் கட்டி வந்தது. தைப்பூசம் வரை அவர் தாக்குப்பிடிக்கவில்லை. மார்கழியில் போய்விட்டார். கையில் கயிறு இருந்தது.

கருமாதி அன்றைக்குப் படம் முன்னால் படையல் போட்டோம். அவருக்குப் பிடித்ததெல்லாம் வைக்க வேண்டும் என்பதால் ஆட்டுக்கறி, மசால் வடை, கோப்பி. அண்ணி கடைசியாக வந்தார். துணிப்பையிலிருந்து ஒரு சிவப்பு ஒயின் போத்தலை எடுத்தார். வாழ்நாளில் சாராயக் கடை வாசலைக்கூட மிதிக்காத மனுஷி, தேக்காவில் கடைக்குள் போய்க் கேட்டு வாங்கியிருக்கிறார். திறக்கத் தெரியாமல் என்னிடம் நீட்டினார். மூடியைத் திருகிக்கொடுத்தேன். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிப் படத்தின் முன்னால் வைத்தார்.

எல்லாரும் கூடத்தில் சாப்பிடப் போனார்கள். அறையில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். தம்பி இறந்ததிலிருந்து அண்ணி கோயிலுக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"ஒண்ணு கேக்கவா? மறைக்காமச் சொல்லு" என்றார். "அன்னைக்கு நான் கயிறு கட்டிட்டுப் போனேன்ல? அப்புறம் அவன் அதைக் குடிச்சானா?"

இதற்காகத்தானே காத்திருந்தேன். "குடிக்கல அண்ணி" என்றேன்.

"ஒரு வாய்கூடவா?"

"தொடவே இல்ல. என்னைக் குடிக்கச் சொல்லிட்டாரு."

நிம்மதி அடைவார் என்று நினைத்தேன். அல்லது தடுத்துவிட்டோமே என்று அழுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"பொய் சொல்லாதம்மா. நான் கோவிச்சுக்க மாட்டேன். அவ்வளவு ஆசைப்பட்டவன், கொஞ்சம் நாக்குல வெச்சிருப்பான்ல? அப்புறமாவது? ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்புறம்? குடிச்சிருப்பான். குடிச்சான்னு சொல்லும்மா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் குடித்திருந்தால் வாக்குத் தவறிவிட்டார் என்று ஆகும். அவர் செத்ததற்கு ஒரு காரணம் கிடைக்கும். அண்ணி அவரை மன்னித்துவிட்டு, மறுபடியும் கோயிலுக்குப் போகலாம். அதற்காகத்தான் அந்த மனுஷி ஒயின் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். குடிச்சார் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எத்தனை பேர் அவர்மேல் பழி போட்டார்கள், நானும் போடுவதா? பெஞ்சில் அவர் சொன்னதையும் சொல்லவில்லை. அதை அப்படியே விழுங்கிவிட்டேன். எதிரே இருந்த முகத்தைப் பார்த்தபின் அதை எடுத்துப் போட எனக்குக் கை வரவில்லை.

"இல்ல அண்ணி. கடைசி வரைக்கும் அவர் வாக்கு தவறவே இல்ல."

அண்ணி என் கையை விட்டுவிட்டார். படத்தைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். கூடத்தில் யாரோ ரசம் கேட்டார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என்னை வாம்மா, போம்மா என்றுதான் பேசியிருக்கிறார், ஒருநாளும் மரியாதை குறைத்ததில்லை.

"அப்புறம் ஏன்டி?" என்றார்.